தளம் திறக்கவில்லையா? முதலில் பெயரை விசாரியுங்கள்

"வெப்சைட் வேலை செய்யவில்லை." புறக்கோட்டை மொத்தக் கடைக்காரரும் வெள்ளவத்தையில் டியூஷன் நடத்தும் ஆசிரியரும் அனுப்புவது இதே ஒரு வசனம்தான். அதற்குள் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத கோளாறுகள் ஒளிந்திருக்கும். டொமைன், அதாவது தளத்தின் பெயர், காலாவதியாகி இருக்கலாம். பெயர் இருந்தும் பழைய சர்வரை (தளம் குடியிருக்கும் கணினியை) காட்டிக்கொண்டிருக்கலாம். பெயரில் ஒரு பிழையும் இல்லாமல் சர்வர் படுத்திருக்கலாம். அல்லது உங்கள் வீட்டு ரவுட்டரில் மட்டும் சிக்கல் இருக்கலாம். எது என்று தெரியாமல் செட்டிங்ஸுக்குள் கை வைப்பவர்கள் ஒரு கோளாறை இரண்டாக்கிவிடுகிறார்கள். பிறகு எது பழைய கோளாறு, எது புதிது என்று பிரிப்பதே பெரிய வேலையாகிவிடும்.

நடப்பது இதுதான். நீங்கள் பெயரை அடித்ததும் பிரவுசர் அந்தப் பெயருக்கு உரிய ஐபி எண்ணை, அதாவது சர்வரின் முகவரியைத் தேடும். வழக்கமாக, பெயரை எண்ணாக மாற்றித் தரும் உங்கள் இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும். எஸ்எல்டி மொபிடெல், டயலொக், ஹட்ச் என்று ஒவ்வொருவருக்கும் சொந்த டிஎன்எஸ் சர்வர்கள் இருக்கின்றன. பதில் கைவசம் இல்லாவிட்டால் அந்தச் சர்வர் உலகத்தின் ரூட் சர்வர்களில் ஒன்றிடம் போய், அங்கிருந்து டொட் எல்கே அல்லது டொட் கொம்மின் சர்வரிடம் போய், கடைசியாக உங்கள் டொமைனின் விவரத்தை வைத்திருக்கும் நேம்சர்வரிடம் எண்ணை வாங்கிவரும். அதற்குப் பிறகுதான் பிரவுசர் அந்த எண்ணில் உள்ள சர்வரின் கதவைத் தட்டும். ஆகவே முதலில் தெரிய வேண்டியது, முறிந்தது எந்தப் பாதி என்பதே: பெயரைத் தேடும் பாதியா, சர்வரைத் தட்டும் பாதியா?

பிரவுசர் காட்டும் பிழைச் செய்தியை வடிவாக வாசியுங்கள்

யாரும் இதை வாசிப்பதில்லை. ஸ்கிரீன்ஷொட் கேட்டால் பாதியை வெட்டிவிட்டு அனுப்புவார்கள். ஆனால் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் அந்த ஒரு வரிதான் பாதி விடையைச் சொல்லிவிடும்.

குரோமில் "டிஎன்எஸ் ப்ரோப் ஃபினிஷ்ட் என்எக்ஸ்டொமைன்" என்று வந்தால், அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் கிடைத்திருக்கிறது. "நேம் நொட் ரிசோல்வ்ட்" என்று வந்தாலும் சிக்கல் பெயர்ப் பக்கம்தான். "கனெக்ஷன் டைம்ட் அவுட்" அல்லது "கனெக்ஷன் ரிஃபியூஸ்ட்" என்றால் எண் கிடைத்துவிட்டது, அந்த எண்ணில் இருப்பவர் கதவைத் திறக்கவில்லை. இங்கே தளத்துக்குச் சர்வர் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்துடன் கதைக்க வேண்டும். அந்த எண் உங்கள் பழைய சர்வருடையது இல்லை என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். 404, 500 போன்ற எண்கள் தெரிந்தால் பெயரும் சரி, சர்வரும் உயிரோடு இருக்கிறது. டொமைனை நிம்மதியாக விட்டுவிடுங்கள்.

எனக்கு மட்டும் திறக்கவில்லை

போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். வீட்டு இணைப்பும் சிம்மும் வெவ்வேறு நிறுவனமாக இருந்தால் இன்னும் நல்லது. டேட்டாவில் திறந்து வைஃபையில் திறக்காவிட்டால் தளத்தில் ஒரு குறையும் இல்லை, கோளாறு வீட்டுக்குள்தான்.

வீட்டு இணைப்பில் எந்தத் தளமுமே திறக்கவில்லை என்றால் விண்டோஸில் கொமாண்ட் புரொம்ப்டைத் திறந்து 8.8.8.8 என்ற எண்ணை பிங் செய்யுங்கள், அதாவது பதில் வருகிறதா என்று தட்டிப் பாருங்கள். பதில் வருகிறது, ஆனால் பெயர்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் இணைய இணைப்பு நன்றாக இருக்கிறது, டிஎன்எஸ் மட்டும் செத்திருக்கிறது. அப்போது கணினியிலோ ரவுட்டரிலோ டிஎன்எஸ் முகவரியை கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 என்று மாற்றிப் பார்க்கலாம். பிங்குக்கும் பதில் இல்லை என்றால் டிஎன்எஸ்ஸை மாற்றி ஒரு பிரயோசனமும் இல்லை. இணைப்பு தந்தவருக்கு அழைப்பு எடுங்கள்.

ஒரு தளம் மட்டும், ஒரு கணினியில் மட்டும் மறுக்கிறதா? பழைய பதிலைக் கணினி நினைவில் வைத்திருக்கக்கூடும். ஐபிகொன்ஃபிக் கட்டளையோடு ஃபிளஷ்டிஎன்எஸ் சேர்த்து ஓடவிட்டால் அது அழிந்துவிடும். பிரவுசருக்கும் தனியாக ஒரு நினைவு இருப்பதால் அதையும் மூடித் திறந்து பாருங்கள். அப்படியும் சரிவராவிட்டால் ஹோஸ்ட்ஸ் என்ற ஃபைலைத் திறந்து பாருங்கள். விண்டோஸில் சிஸ்டம்32க்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி என்ற ஃபோல்டரில் இருக்கும். தளம் கட்டியவர் சோதனைக்காக உங்கள் பெயருக்கு எதிரே ஒரு எண்ணை எழுதிவிட்டு அழிக்க மறந்திருப்பார். அந்த வரி இருக்கும்வரை உலகமே புதிய தளத்தைப் பார்க்க, முதலாளியின் கணினி மட்டும் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருக்கும்.

போன் என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஆண்ட்ரொய்ட் 9 முதல் "பிரைவேட் டிஎன்எஸ்" என்று ஒரு செட்டிங் உண்டு. விளம்பரத்தை மறைக்கலாம் என்று யாரோ சொல்ல, அதில் ஒரு பெயரைப் போட்டு வைத்திருப்பார்கள். அந்தச் சேவை தடுமாறினால் போனில் பெயர்கள் எதுவும் திறக்காது. மற்றது விபிஎன். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது ஊரே இலவச விபிஎன் செயலிகளை இறக்கிக்கொண்டது. அதில் சில இன்னும் பல போன்களில் குடியிருக்கின்றன. டிஎன்எஸ் கேள்விகளைத் தம் வழியாகத் திருப்பிவிடுவது அவற்றின் வழக்கம். அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள், முடிந்தால் அழித்தேவிடுங்கள்.

கோப்பிக் கடை, ஹோட்டல் வைஃபை என்றால் அநேகமாக லொக்கின் பக்கம் வர வேண்டிய இடம். அதில் நுழையும்வரை வேறு எந்தப் பெயரும் ஒழுங்காகத் திறக்காது.

வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளிலும் வங்கித் தளம் போன்ற பக்கங்கள் விசித்திரமாகத் தெரிந்தால் அதை மட்டும் சாதாரணமாக எடுக்காதீர்கள். ரவுட்டரின் டிஎன்எஸ் முகவரியை யாராவது மாற்றியிருக்கலாம். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல் இதே வித்தையை உலகெங்கும் செய்தது. அதன் கும்பலை 2011இல் எஃப்பிஐ பிடித்தது. பாதிக்கப்பட்டவர்களின் இணையம் ஒரேயடியாக நின்றுவிடக் கூடாது என்று அந்தத் திருட்டுச் சர்வர்களுக்குப் பதிலாக நல்ல சர்வர்களை வைத்து 2012 ஜூலை 9 வரை ஓடவிட்டார்கள். ரவுட்டர் வந்த நாளில் இருந்த கடவுச்சொல்லையே இன்னும் பாவிக்கிறீர்கள் என்றால் இன்றே மாற்றுங்கள்.

யாருக்கும் திறக்கவில்லை, பெயரே இல்லை என்கிறது

நேற்றுவரை ஓடிய தளத்துக்கு இன்று என்எக்ஸ்டொமைன் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது காலாவதியை. நேரே பதிவு விவரத்தைத் தேடுங்கள். டொட் எல்கே பெயர் என்றால் எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியின் தளத்திலும், டொட் கொம் போன்றவை என்றால் டொமைன் பெயர்களை உலகளவில் ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் தேடல் பக்கத்திலும் பார்க்கலாம். காலாவதித் திகதி, நேம்சர்வர்கள், ஸ்டேட்டஸ் ஆகிய மூன்றும் போதும்.

டொட் கொம் பெயர் திகதி கடந்த உடனே கைவிட்டுப் போவதில்லை. டொமைனை விற்ற பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள்வரை சாதாரணக் கட்டணத்திலேயே புதுப்பிக்க இடம் இருக்கலாம். அதையும் தவறவிட்டு அழிக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் கட்டணம் கண்ணைக் கட்டும். அதற்குப் பின் 5 நாள், பிறகு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். இடையில் தளம் நின்றுபோவதோ, பதிவு நிறுவனத்தின் விளம்பரப் பக்கம் தெரிவதோ தற்செயல் இல்லை. நீங்கள் கவனிக்க வேண்டும் என்றே பெயரைத் துண்டிக்கிறார்கள். டொட் எல்கேக்கு விதிகள் வேறு என்பதால் இந்த நாள் கணக்கை அதற்குப் பொருத்திப் பார்க்காதீர்கள், ரெஜிஸ்ட்ரியிடமே கேளுங்கள்.

திகதி கடக்கவில்லை, ஆனால் ஸ்டேட்டஸில் "கிளையண்ட் ஹோல்ட்" என்று இருக்கிறதா? காசு கட்டியும் தளம் திறக்காமல் பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான். டொட் கொம் வகைப் பெயரைப் புதிதாகப் பதிந்தாலோ உரிமையாளரின் விவரத்தை மாற்றினாலோ ஒரு உறுதிப்படுத்தல் மெயில் வரும். அதில் உள்ள இணைப்பை 15 நாளுக்குள் அழுத்தாவிட்டால் பதிவு நிறுவனம் பெயரை நிறுத்தி வைக்கலாம். மெயில் ஸ்பாம் பெட்டியில் கிடக்கும். தேடி எடுத்து அழுத்தினால் பெயர் திரும்பிவிடும்.

இதைவிடப் பெரிய தலையிடி, அந்த மெயில் யாருக்குப் போகிறது என்பது. கொழும்பில் சின்ன வியாபாரத் தளங்களில் கணிசமானவை தெரிந்த ஒரு தம்பி கட்டிக் கொடுத்தவை. தம்பி தன் மெயிலில், தன் அட்டையில், தன் கணக்கில் டொமைனை எடுத்திருப்பார். ஆறு வருஷத்தில் அவர் கனடாவிலோ மெல்பேர்னிலோ இருப்பார், அந்தப் பழைய மெயிலை அவரே திறப்பதில்லை. நினைவூட்டல் எல்லாம் அங்கே போய்க் குவியும். கடையின் பெயர்ப்பலகையில், பில் புத்தகத்தில், வான் வண்டியில் எல்லாம் அந்த முகவரி இருக்கும். சட்டப்படி அது கடைக்காரருடையதாகப் பதிவில் இருக்காது. அந்தத் தம்பியோடு நல்ல உறவில் இருக்கும்போதே உரிமையாளர் பெயரையும் மெயிலையும் மாற்றி எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். தளம் விழுந்த பிறகு கேட்டால், நேர வித்தியாசத்தில் அவர் தூங்கி எழும்பும்வரை காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. பதிவுக் கணக்கின் தொடர்பு மெயிலாக அதே டொமைனில் உள்ள மெயிலைக் கொடுக்காதீர்கள். டொமைன் நின்றால் அந்த மெயிலும் நிற்கும். கடவுச்சொல்லை மீட்கும் செய்தியும் புதுப்பிக்கும் செய்தியும் வர வழியில்லாமல், வீட்டுக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதையாகிவிடும். வேறொரு ஜிமெயில் போதும்.

சிலருக்குத் திறக்கிறது, சிலருக்கு இல்லை

என்எஸ்லுக்அப் என்ற கட்டளையை இப்போது எடுங்கள். கட்டளை, இடைவெளி, தளத்தின் பெயர். இவ்வளவு கொடுத்தால் உங்கள் இணைய நிறுவனத்தின் சர்வர் சொல்லும் பதில் வரும். இன்னொரு இடைவெளி விட்டு 8.8.8.8 சேர்த்தால் அதே கேள்வியை கூகுளிடம் கேட்கலாம். அதே இடத்தில் உங்கள் டொமைனின் நேம்சர்வர் பெயரைக் கொடுத்தால் மூல இடத்திடமே கேட்டதாகும். பதிலில் "நொன் ஓதரிடேட்டிவ்" என்று வருவதைக் கண்டு பயப்பட வேண்டாம். நினைவில் இருந்து சொல்லப்பட்ட பதில் என்பது மட்டுமே அதன் பொருள்.

மூலம் புதிய எண்ணையும் இணைய நிறுவனத்தின் சர்வர் பழைய எண்ணையும் சொன்னால் எல்லாம் ஒழுங்கு, காத்திருக்க வேண்டியதுதான். எவ்வளவு நேரம்? "48 மணித்தியாலம்" என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அது நேம்சர்வரை மாற்றினால் வரும் கணக்கு. டொட் கொம்மின் சர்வர்கள் நேம்சர்வர் விவரத்தை 172800 செக்கன், அதாவது இரண்டு நாள் வைத்திருக்கலாம் என்று சொல்லித்தான் கொடுக்கின்றன. நேம்சர்வர் அப்படியே இருக்க, எண்ணை மட்டும் மாற்றினால் அந்த ரெக்கோர்டுக்கு (நேம்சர்வரில் உள்ள அந்த வரிக்கு) நீங்கள் வைத்த டிடிஎல், அதாவது பதிலை நினைவில் வைத்திருக்கலாம் என்ற நேரம்தான் கணக்கு. அது 3600 என்றால் ஒரு மணித்தியாலம். சர்வர் மாற்றப்போகும் நாளுக்கு முந்திய நாளே அதை 300 ஆகக் குறைத்துவிட்டால் மாற்றம் ஐந்து நிமிடத்தில் பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்துவிடும். மாற்றிய பிறகு குறைப்பதால் பயன் இல்லை, பழைய பதிலை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்களுக்கு உங்கள் புதிய டிடிஎல் தெரியாது.

ரெக்கோர்டைப் போடுவதற்கு முன்பே "வந்துவிட்டதா" என்று அடிக்கடி திறந்து பார்ப்பதும் வேண்டாம். "இல்லை" என்ற பதிலும் கொஞ்ச நேரம் நினைவில் தங்கும்.

மூலமே பிழையான எண்ணைச் சொன்னால் காத்திருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. நேம்சர்வரை ஒரு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டு, ரெக்கோர்டைப் பழைய நிறுவனத்தின் பக்கத்தில் திருத்திக்கொண்டிருக்கும் ஆட்கள் ஏராளம். எந்தப் பெட்டியில் எழுதினாலும் உலகம் பார்ப்பது, பதிவு விவரத்தில் உள்ள நேம்சர்வர் சொல்வதைத்தான்.

வீட்டில் புதிய தளம், மொபைல் டேட்டாவில் பழைய தளம் என்று நாள்கணக்கில் இழுத்தால் ஐபிவி6 (புதிய வகை ஐபி எண்) ரெக்கோர்டைப் பாருங்கள். வழமையான ஐபி எண்ணைச் சொல்லும் ஏ ரெக்கோர்டை மாற்றியவர், ஐபிவி6 எண்ணைச் சொல்லும் நான்கு ஏ கொண்ட ரெக்கோர்டை மறந்திருப்பார். ஐபிவி6 உள்ள இணைப்புகள் அதைப் பிடித்துக்கொண்டு பழைய சர்வருக்கே போகும். புதிய சர்வருக்கு ஐபிவி6 இல்லாவிட்டால் அந்த வரியை அழித்துவிடுங்கள்.

இணைய நிறுவனம் ஒன்றில் திறக்கிறது, 8.8.8.8 மட்டும் "சர்வர் ஃபெயில்ட்" என்கிறது என்றால் பதில் போலி இல்லை என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையொப்பத்தைச் சந்தேகியுங்கள். நேம்சர்வரை மாற்றும்போது, பழைய இடத்தின் கையொப்பத்துக்கான டிஎஸ் ரெக்கோர்டு பதிவு நிறுவனத்திடம் அப்படியே தங்கிவிடும். கையொப்பத்தைச் சோதிக்கும் சர்வர்கள் பதிலை நிராகரிக்கும், சோதிக்காதவை ஏற்றுக்கொள்ளும். அந்த டிஎஸ் ரெக்கோர்டை நீக்குவதே வழி. ஒழுங்கு முறைப்படி என்றால் அதை முதலே நீக்கி, ஒன்றிரண்டு நாள் விட்டு, அப்புறம்தான் நேம்சர்வரை மாற்ற வேண்டும்.

முன்னால் டபிள்யூ மூன்று போட்டால் மட்டும் திறக்கிறது

இரண்டும் இரண்டு பெயர்கள், இரண்டுக்கும் தனித்தனி ரெக்கோர்டு வேண்டும். வெறும் டொமைனுக்கு ஏ ரெக்கோர்டு, முன்னொட்டுக்கு சிநேம் (இன்னொரு பெயரைக் கைகாட்டும் வரி) என்பது வழமை. வெறும் டொமைனில் சிநேம் போட முயலாதீர்கள், மெயில் ரெக்கோர்டுகளோடு அது சேர்ந்து வாழாது. இரண்டும் திறந்து, ஒன்றில் மட்டும் "கனெக்ஷன் இஸ் நொட் பிரைவேட்" என்று வந்தால் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழில் அந்தப் பெயர் சேர்க்கப்படவில்லை. எல்லாத் தளங்களிலும் அப்படி வந்தால் கணினியின் திகதியைப் பாருங்கள், மின்வெட்டுக்குப் பின் பழைய கணினிகள் வேறொரு வருஷத்தில் எழும்பும்.

தளம் வந்துவிட்டது, மெயில் நின்றுவிட்டது

நேம்சர்வரை மாற்றிய மறுநாள் வரும் முறைப்பாடு. புதிய இடத்தில் தளத்துக்கான வரியை மட்டும் எழுதிவிட்டு, மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கோர்டை விட்டிருப்பார்கள். எம்எக்ஸ் இல்லாதபோது அனுப்புகிறவரின் சர்வர் தளம் இருக்கும் எண்ணிடமே கடிதத்தைக் கொடுக்கப் பார்க்கும். அங்கே மெயில் சேவை இல்லாவிட்டால் சில நாள் திரும்பத் திரும்ப முயலும். அதற்குள் எம்எக்ஸைப் போட்டுவிட்டால் அநேகம் கடிதங்கள் தப்பிவிடும். அங்கே ஒரு மெயில் சேவை இருந்து "அப்படி ஒருவர் இல்லை" என்று சொல்லிவிட்டால் உடனே திரும்பிப் போகும். அது ஒரு விலைக்கோரலாக இருந்தால் போனது போனதுதான். கூடவே டிஎக்ஸ்டி வரிகளையும் பாருங்கள், அதில் எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்லும் வரி) விட்டுப்போனால் நீங்கள் அனுப்பும் பில்கள் ஸ்பாமில் விழும். நேம்சர்வரைத் தொடும் முன் பழைய பக்கத்தின் எல்லா வரிகளையும் ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

தமிழ்ப் பெயரில் எடுத்த டொமைன் திறக்கவில்லை

டொட் இலங்கை என்ற தமிழ் முடிவு 2010 முதல் இருக்கிறது. இதில் வரும் கோளாறுகள் ஆங்கிலப் பெயர்களுக்கு வராதவை, அதனால் ஹோஸ்டிங் நிறுவனங்களுக்கும் சட்டென்று பிடிபடாது. "கௌரி" என்று பதிந்த பெயரை ஒருவர் ஒற்றைக்கொம்பும் ள எழுத்தும் சேர்த்து அடித்தால் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அது முற்றிலும் வேறு பெயர், ஆகவே இல்லை என்றுதான் பதில் வரும். ர் எழுத வேண்டிய இடத்தில் காலுக்குப் புள்ளி வைப்பதும் இதே வகை. பழைய தட்டச்சு மென்பொருளில் இருந்து கொப்பி செய்தால் கண்ணுக்குத் தெரியாத குறிகளும் கூடவே வரலாம். முழுவதையும் அழித்துவிட்டு போன் விசைப்பலகையில் புதிதாக அடித்துப் பாருங்கள்.

ஹோஸ்டிங் பக்கத்தில் தமிழ்ப் பெயரைச் சேர்க்கும்போது அது ஏற்காவிட்டால் எக்ஸ், என், இரண்டு சிறுகோடு என்று தொடங்கும் அதன் ஆங்கில எழுத்து வடிவத்தைக் கொடுக்க வேண்டும். பிரவுசரின் முகவரிப் பட்டியில் சில நேரம் அந்த வடிவம் தெரிவதும் இதனால்தான், யாரும் உங்கள் பெயரைத் திருடவில்லை.

வேறு யாருடையதோ பக்கம் திறக்கிறது

காலாவதி இல்லை, நீங்களும் எதையும் மாற்றவில்லை என்றால் பதிவு விவரத்தில் நேம்சர்வர்களைப் பாருங்கள். அது மாறியிருந்தால் பதிவுக் கணக்குக்குள் யாரோ நுழைந்திருக்கிறார்கள். கடவுச்சொல்லை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, உடனே பதிவு நிறுவனத்துக்கு அறிவியுங்கள். சர்வரில் மினக்கெட வேண்டாம்.

சில வேளை கோளாறு உங்களுக்கு மேலேயே இருக்கும். 2021 பெப்ரவரி 6ஆம் திகதி கூகுளின் டொட் எல்கே முகவரி உட்படச் சில தளங்கள் வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டன. அந்தத் தளங்களின் சர்வர்களில் பிழை இல்லை, தாக்கப்பட்டது டொட் எல்கே பதிவேட்டின் பக்கம். அதே வருஷம் ஒக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் தன் வலையமைப்பில் செய்த ஒரு மாற்றத்தால் அதன் நேம்சர்வர்களை உலகில் யாராலும் அடைய முடியாமல் போனது. ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் படுத்தன. அப்படிப்பட்ட நாளில் ரவுட்டரைப் பத்துத் தரம் அணைத்துப் போட்டு ஆவது ஒன்றுமில்லை.

உதவி கேட்கும்போது

டொமைனை விற்றவர், நேம்சர்வரை நடத்துபவர், ஹோஸ்டிங் தருபவர் என்று மூன்று வேறு நிறுவனங்கள் இருக்கலாம். யாரிடம் கேட்டாலும் மற்றவரைக் கைகாட்டுவார்கள். அதைத் தவிர்க்க, தளத்தின் முழுப் பெயர், பிழைச் செய்தியின் முழு ஸ்கிரீன்ஷொட், எந்த இணைப்பில் எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், உங்கள் இணைய நிறுவனத்தின் சர்வரிடமும் 8.8.8.8 இடமும் உங்கள் நேம்சர்வரிடமும் என்எஸ்லுக்அப் கேட்டு வந்த பதில்கள் ஆகியவற்றை முதல் செய்தியிலேயே அனுப்புங்கள். அனுப்பிவிட்டு பதில் வரும்வரை எந்த ரெக்கோர்டையும் தொடாதீர்கள். அவர்கள் திறந்து பார்க்கும் நேரத்தில் நிலைமை மாறியிருந்தால் "இங்கே எல்லாம் சரியாக இருக்கிறதே" என்று டிக்கெட்டை மூடிவிடுவார்கள்.